வானில் வழி காணல்



ஆகாயத்தில் மைல்கற்கள் இல்லை. நின்று வழி கேட்பதற்குச் சாவடிகளும் இல்லை. மேலே எழும்பிய விமானி, 'நான் இப்பொழுது எங்கே இருக்கிறேன்? எத்திசை நோக்கிச் செல்லவேண்டும்? எப்பொழுது போய்ச் சேர்வேன்?' என்னும் மூன்று வினாக்களுக்கு இடைவிடாமல் விடை கண்டுகொண்டே செல்லவேண்டியவர். அவ்விடைகளைத் தாளில் அச்சிட்ட வரைபடத்தில் தேடுவதா, மின்னணுக் கருவியின் திரையில் தேடுவதா? விமானி உரிமத்திற்கான செய்முறைத் தேர்வை எதிர்நோக்கும் இளைஞர்கள் இன்று கேட்கும் கேள்வி இது.

இதனைச் செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து தொடங்கி ஆராய்வது பொருத்தமாகும். அவ்வூரில் 1909ஆம் ஆண்டில் பிறந்த அழகப்பச் செட்டியாரைக் கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் என்று நாம் போற்றுகிறோம். அவர் விமானம் ஓட்டக் கற்றவர் என்பதைப் பலர் அறியார். 1930களில் சட்டம் பயில லண்டன் சென்றிருந்தபொழுது, அந்நகரை அடுத்த குராய்டனில் பயிற்சி பெற்று, விமானிக்குரிய சான்றிதழையும் அடைந்தார். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார்.

குராய்டன் அக்காலத்தில் லண்டனின் தலைமை விமான நிலையம். வானொலி அலைகளைக் கொண்டு விமானத்துக்கு வழிகாட்டும் கலை வளர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. மூடுபனியில் அகப்பட்ட விமானி, 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று வானொலியில் கேட்பார். குராய்டன், புல்ஹாம், லிம்ப்னே ஆகிய மூன்று இடங்களில் இருந்த நிலையங்கள், அவருடைய குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்று அளந்து கூறும். அத்திசைகளை வரைபடத்தின்மீது கோடுகளாக இட்டுப் பார்த்தால், அவை ஒன்றையொன்று வெட்டும் இடமே விமானம் இருக்கும் இடம். அலை திசையைத் தந்தது. தாள் இடத்தைத் தந்தது. இரண்டையும் இணைத்தது மனிதனுடைய கணிப்பு. ஆகவே, தாளும் மின்கருவியும் பகைவர்களாகத் தோன்றியவை அல்ல. தொடக்கத்தில் கூடியே பணியாற்றியவை.

கணிப்பு என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கோட்டையூரின் மேலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்குச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைவு சுமார் 75 கிலோமீட்டர். திசை ஏறக்குறைய நேர் வடக்கு. சிறு விமானம் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அரைமணியில் சேர்ந்துவிடலாம். ஆனால் அது ஆடி மாதம். மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று கொள்வோம். காற்றைக் கருதாமல் வடக்கு நோக்கியே விமானத்தைச் செலுத்துபவர், அரைமணியில் 15 கிலோமீட்டர் கிழக்கே ஒதுக்கப்படுவார். திருச்சி மலைக்கோட்டை அவர் தேடும் இடத்தில் இராது. விமானத்தின் முகத்தைப் பதினொரு பாகை அளவு மேற்கே திருப்பிச் செலுத்தினால்தான் நேர்வழியில் செல்ல முடியும்.

வரைபடத்தில் கோடு இழுத்தவருக்கு மற்றொரு பயனும் உண்டு. அந்தக் கோடு புதுக்கோட்டை நகரத்தின்மேல் செல்வதில்லை. நகரம் கோட்டுக்குக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, விமானிக்கு வலப்புறமாக அமைகிறது. புறப்பட்ட பன்னிரண்டாம் நிமிடத்தில் புதுக்கோட்டை வலப்புறம் தெரியவேண்டும். அவ்வாறின்றி நகரம் நேர் கீழே வந்துவிட்டால், காற்று தம்மைத் தள்ளிவிட்டது என்பதை அவர் அக்கணமே உணர்வார். தவறு சிறிதாக இருக்கும்பொழுதே திருத்திக்கொள்வார்.

இனி, திரையின் பெருமையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செயற்கைக்கோள்களின் குறிகளைப் பெற்று இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியில், விமானத்தின் உருவமே வரைபடத்தின்மேல் நகர்ந்து செல்லும். இரவிலும் மேகத்திலும் அது இடத்தைக் காட்டும். தாள் வரைபடமோ அச்சானபின் மாறாதது. புதிதாக எழுந்த கோபுரமும், புதிதாகத் தடைசெய்யப்பட்ட வான்பகுதியும் பழைய தாளில் இரா. சிற்றறை போன்ற விமானி இருக்கையில் பெரிய தாளை விரித்து மடிப்பதற்குள் கவனம் சிதறுவதும் உண்டு. நம் நாட்டிலும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து, ஜி.பி.எஸ். குறிகளைத் திருத்திச் செம்மைப்படுத்தும் 'ககன்' என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளன. இவற்றை வேண்டாமென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

ஆயினும், கருவி விடை கூறுமேயன்றி, நாம் கேட்ட கேள்வி சரிதானா என்று ஆராயாது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இரவு, அமெரிக்க விமானம் ஒன்று கொலம்பியா நாட்டின் காலி நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 'ரோஸோ' என்னும் வழிகாட்டி நிலையத்துக்குச் செல்லக் கருதிய விமானிகள், வரைபடத்தில் கண்டபடி, 'ஆர்' என்னும் ஓரெழுத்தைக் கணிப்பொறியில் இட்டார்கள். அப்பொறியின் பட்டியலிலோ அவ்வெழுத்து, தொலைவில் பொகோட்டாவின் அருகிலிருந்த 'ரோமியோ' என்னும் வேறொரு நிலையத்தைக் குறித்தது. விமானம் மலைகளை நோக்கித் திரும்பியது. திருப்பத்தை உணர்ந்து அவர்கள் சரிசெய்வதற்குள் மலையில் மோதியது. 159 பேர் மாண்டனர். கணிப்பொறி பழுதடையவில்லை, இட்ட ஆணையைப் பிழையின்றி நிறைவேற்றியது. 'நாம் செல்லும் திசையில் இத்தனை பெரிய திருப்பம் ஏன்?' என்று உரிய நேரத்தில் வினவும் மனமே அங்குத் தேவைப்பட்டது.

மற்றோர் ஆபத்தும் இருக்கிறது. செயற்கைக்கோளின் குறிகள் மிக மெலிந்தவை. அவற்றை அமுக்கிவிடவும், பொய்க்குறிகளை அனுப்பி ஏமாற்றவும் இயலும். இத்தகைய இடையூறுகள் குறித்து நம் நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2023 நவம்பரில் விமான நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பொய்க்குறி வரும்பொழுது திரை இருண்டு போவதில்லை. பொய்யான இடத்தையே தெளிவாகக் காட்டும். தமக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பவரே அப்பொய்யைக் கண்டுபிடிக்க வல்லவர்.

இப்பொழுது தேர்வுக்கு வருவோம். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் வேண்டுபவர், 300 கடல் மைலுக்குக் குறையாத பயணத்தைத் தாமே விமானம் செலுத்தி முடித்திருக்கவேண்டும். இடையே இரண்டு விமான நிலையங்களில் இறங்கியிருக்கவும் வேண்டும். அத்தகைய பயணத்துக்கு உரியவர்தாமா என்பதை அறியவே தேர்வாளர் அருகில் அமர்கிறார். நாம் முன்பு கண்ட வழியில், புதுக்கோட்டைக்கு அருகில், 'திருச்சிக்குச் செல்லவேண்டாம். மதுரைக்குத் திருப்புங்கள்' என்று அவர் கூறலாம். அல்லது திரையை அணைத்துவிட்டு, 'கருவி பழுதடைந்ததாகக் கொள்ளுங்கள்' என்று சொல்லலாம். மதுரை அங்கிருந்து சுமார் 95 கிலோமீட்டர். காற்று இல்லையெனில் 38 நிமிடம். தென்மேற்கே திரும்பியதும் ஆடிக்காற்று எதிர்ப்பதால் ஏறக்குறைய முக்கால் மணி. அதற்கு எரிபொருள் போதுமா? இவ்வினாவுக்குச் சில நொடிகளில் தோராயமாகவேனும் விடை கூறுபவர் தேர்வில் வெல்வார். எந்தக் கருவியைக் கொண்டுவந்தார் என்பது அதற்குப் பிற்பட்டதே.

ஆதலின், என் கருத்து இது. பயிலும் காலத்தில் தாளில் கோடு இழுத்து, கோணம் அளந்து, காற்றைக் கணக்கிட்டுப் பழகுங்கள். அக்கணக்கு கையிலும் மனத்திலும் ஊறியபின் திரையைத் துணையாகக் கொள்ளுங்கள். தேர்வு நாளில் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். திரையைப் பார்ப்பதற்கு முன், 'இப்பொழுது நான் எங்கே இருக்கவேண்டும்?' என்று உங்களையே ஒருமுறை கேட்டு, பிறகு பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ந்து செல்லலாம். வேறுபட்டால், சன்னலுக்கு வெளியே நோக்குங்கள். இருப்புப் பாதையும், கண்மாய்களும், காவிரியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.