வீட்டை மறக்காத மனிதர்



இன்று பிப்ரவரி 12. 1809ஆம் ஆண்டு இதே நாளில்தான் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் சார்லஸ் டார்வின் பிறந்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவர் பயணம் செய்த பீகிள் கப்பலைப் பற்றியும் கலபகோஸ் தீவுகளைப் பற்றியும் அழகாகச் சொன்னார்கள். அந்தக் கப்பலை விட்டு இறங்கி வீடு திரும்பிய டார்வினைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். கணவராக, அப்பாவாக, தாத்தாவாக வாழ்ந்த டார்வின் அவர்.

ஏன் இதைப் பேச வேண்டும்? நம் மேடைகளில் ஒரு பாராட்டு ஓயாமல் ஒலிக்கிறது. "ஐயா வீட்டை மறந்து உழைத்தார்" என்கிறோம். "மகளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லியும் கூட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை" என்கிறோம். உடனே கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய காரியம் செய்கிறவன் பெற்ற பிள்ளையைக் கவனிக்காமல்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உலகத்தின் சிந்தனையையே புரட்டிப் போட்ட ஒரு மனிதர், மகளின் காய்ச்சல் படுக்கைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1838இல் டார்வினுக்கு 29 வயது. கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக் காரணங்களை எழுதினார். வேண்டாம் என்ற பக்கத்தில், நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் இருக்காது என்றெல்லாம் எழுதினார். வேண்டும் என்ற பக்கத்தில் பிள்ளைகள், முதுமையில் ஒரு துணை. கடைசியில் 'செய்துகொள்' என்று மூன்று முறை எழுதி முடித்தார். 1839 ஜனவரி 29 அன்று எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் குடும்பத்துப் பெண். டார்வினின் அம்மா சுசன்னாவின் உடன்பிறந்த தம்பி மகள். நம் ஊர்க் கணக்கில் தாய்மாமன் மகள், முறைப்பெண்.

எம்மா ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். கணவரின் மனமோ நம்பிக்கையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மறுமையில் நாம் இருவரும் சேர முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தை எம்மா ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். டார்வின் அதற்கு மறுப்பு எழுதி வாதாடவில்லை. அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். பலமுறை அதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் இறந்த பிறகு நீ இதைத் தெரிந்துகொள் என்று அதன் அடியில் ஒரு குறிப்பும் எழுதினார். 43 ஆண்டு இல்லறம். ஒருவர் மற்றவரின் நம்பிக்கையை மாற்றவில்லை. ஒருவர் மற்றவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

1842இல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். டார்வின் தீராத நோயாளி. வாந்தி, மயக்கம், சோர்வு. அது என்ன நோய் என்று இன்றும் மருத்துவர்கள் விவாதிக்கிறார்கள். அவரைத் தாங்கிப் பிடித்தவர் எம்மா. இரவு உணவுக்குப் பின் இருவரும் பேக்கமன் ஆடுவார்கள். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். தினமும் இரண்டு ஆட்டம். எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிற மனிதர் அல்லவா, இதற்கும் வைத்தார்! 1876இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: எம்மா ஜெயித்தது 2490 ஆட்டம், நான் ஜெயித்தது 2795. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடன் வாழ்ந்த மனைவியோடு ஆடிய ஆட்டத்தை, நண்பருக்கு இவ்வளவு பெருமையாக எழுதுகிற கணவரை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் பத்துப் பேர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆயாவின் பொறுப்பு. அப்பாவின் அறைக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. டார்வின் வீட்டில் கத்தரிக்கோல் வேண்டுமா, கயிறு வேண்டுமா, காயத்துக்குப் பிளாஸ்திரி வேண்டுமா, பிள்ளைகள் நேரே அவர் படிக்கும் அறைக்குள் ஓடுவார்கள். இன்று பலமுறை இடைஞ்சல் ஆகிவிட்டது, இனி வராமல் இருக்க முடியுமா என்று அவர் பொறுமையாகக் கேட்பாராம். மகள் ஹென்ரியட்டா நினைவுகூர்ந்தது இது. நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் வந்து என்னோடு விளையாடு, ஆறு பென்னி தருகிறேன் என்று அப்பாவுக்கே லஞ்சம் கொடுக்கப் பார்த்தான். இன்னொரு மகன் லெனார்ட், ஏறக்கூடாது என்று சொல்லியிருந்த சோபாவில் குதித்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்த அப்பா, இது விதிக்கு விரோதம் ஆயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது என்றான் பையன். அப்பா ஒருநாளும் எங்களிடம் கோபமாகப் பேசியதில்லை, ஆனாலும் அவர் சொல்லைத் தட்ட எங்களுக்குத் தோன்றியதே இல்லை என்று மகன் பிரான்சிஸ் எழுதிவைத்தார்.

பிள்ளைகளை அவர் தம் வேலைக்குள்ளேயே அழைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வண்டு போன்ற பெரிய தேனீக்கள் எந்த வழியில் பறக்கின்றன என்று அறிய, தோட்டத்தில் ஆளுக்கொரு இடத்தில் பிள்ளைகளை நிறுத்தினார். தேனீ வந்ததும் "இதோ இங்கே" என்று கத்துவார்கள். எட்டு ஆண்டுகள் அவர் கொட்டலசுகளை ஆராய்ந்தார். கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். அப்பாக்கள் எல்லாரும் செய்கிற வேலை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்த ஒரு பிள்ளை, அண்டை வீட்டுக்காரரைப் பற்றி, அவர் எங்கே உட்கார்ந்து கொட்டலசு பார்ப்பார் என்று கேட்டதாம். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துத் தாள்கள் சில இன்று எஞ்சியிருக்கக் காரணமும் பிள்ளைகள்தான். அவற்றின் பின்பக்கம் படம் வரைந்திருந்தார்கள். காய்கறிகள் மீது குதிரைவீரர்கள் சண்டை போடும் படம்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டார்வினுக்குச் சொத்து இருந்தது. சம்பளத்துக்குப் போக வேண்டிய நிலை இல்லை. வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக எம்மாவின் உழைப்பு இருந்தது. 1871இல் வந்த நூலில், அறிவாற்றலில் ஆண் பெண்ணை விஞ்சியவன் என்று டார்வின் எழுதியது தவறு. ஆனால் அதே நூலின் பிரதியைத் திருத்தித் தரச் சொல்லி அவர் அனுப்பியது தம் மகள் ஹென்ரியட்டாவுக்குத்தான். மகளின் திருத்தங்களை மனமார ஏற்றார்.

இப்போது ஆனிக்கு வருகிறேன். மூத்த மகள். அப்பாவின் தலைமுடியை அரைமணி நேரம் சீவிச் சீவி அழகு பார்க்கிற பெண். அவர் நடக்கப் போகும் மணல் பாதையில் முன்னால் ஓடிச் சுழன்று ஆடுகிற பெண். 1851இல் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மால்வர்ன் ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்காக அனுப்பினார்கள். நிலைமை மோசம் என்றதும் டார்வின் ஓடினார். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, பயணம் செய்ய முடியாது. மகளின் மூச்சையும் நாடியையும் பார்த்துப் பார்த்து, வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கு நாள்தோறும் எழுதினார். ஒரு வேளை நம்பிக்கை, மறுவேளை பயம். ஏப்ரல் 23 அன்று ஆனி போய்விட்டாள். வயது பத்து. அடக்கத்தைக் கூட இருந்த உறவினர்களிடம் விட்டுவிட்டு, எம்மாவிடம் போய்ச் சேர்ந்தார் டார்வின். உயிரோடு இருப்பவளுக்குத் தோள் கொடுப்பதுதான் அப்போது முதல் கடமை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து, மகள் எப்படி இருந்தாள் என்று பல பக்கங்களுக்கு எழுதினார். அவள் முகம் மறந்துபோகக் கூடாதே என்று எழுதினார்.

1858இல் இன்னொரு அடி. ஜூன் மாதம் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸின் கடிதம் வருகிறது. இருபது ஆண்டாக டார்வின் வளர்த்த கருத்தே அதிலும் இருக்கிறது. அதே நாட்களில் வீட்டில் கடைக்குட்டி, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். ஜூன் 28 அன்று குழந்தை இறந்தது. ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கத்தில் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. இயற்கைத் தேர்வு என்ற கருத்து உலகின் முன் வைக்கப்பட்ட நாள் அது. டார்வின் அந்த அவையில் இல்லை. ஊரில் தம் குழந்தையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளின் நோய்க்கும் சாவுக்கும் தாங்கள் சொந்தத்தில் மணந்ததுதான் காரணமோ என்ற கேள்வி அவரை அரித்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க முயன்றார். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. பிறகு மகன் ஜார்ஜ் அதை ஆய்வாக எடுத்துக்கொண்டார். சொந்தத்தில் பெண் எடுத்த ஒரு தகப்பன், தன் வீட்டின் மீதே ஆராய்ச்சிக் கண்ணைத் திருப்பத் துணிந்தார். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாத்தா டார்வினைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். 1876 செப்டம்பரில் பிரான்சிஸின் மனைவி ஏமி, ஆண் குழந்தை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். பிரான்சிஸ் குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டார். தாத்தாவுக்கு 67, பாட்டிக்கு 68. அந்த வயதில் மீண்டும் தொட்டில் கட்டினார்கள். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று அப்போது அந்த வீட்டில் ஒரு சோதனை நடந்தது. பாட்டி பியானோ வாசித்தார், பிரான்சிஸ் பசூன் குழல் ஊதினார், விசில் ஊதியது சின்னப் பேரன் பெர்னார்ட் என்பார்கள். புழுக்கள் சத்தத்தைச் சட்டை செய்யவில்லை. ஆனால் புழு இருந்த தொட்டியைப் பியானோ மீது வைத்து வாசித்தால், அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. 1881இல் வந்த மண்புழு நூலில் இந்தச் சோதனை இருக்கிறது.

1882 ஏப்ரல் 19 அன்று தம் வீட்டில், எம்மாவின் அருகில் டார்வின் இறந்தார். நீ கவனித்துக்கொள்வதற்காகவே நோயில் கிடக்கலாம் என்று கடைசி நாட்களில் மனைவியிடம் சொன்னார். ஊர்ச் சர்ச்சில் அடக்கம் செய்யத்தான் வீட்டார் நினைத்தார்கள். தேசம் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனுக்கு அருகே இடம் தந்தது. எம்மா அந்த ஊர்வலத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பெர்னார்ட் பிறந்த அதே 1876இல், மே மாதக் கடைசியில் டார்வின் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கினார். அச்சுக்காக எழுதவில்லை. பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்றே எழுதினார். என் தாத்தா இப்படி ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் நான் எவ்வளவு ஆசையோடு படித்திருப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார். பிற்பகலில் சுமார் ஒரு மணி நேரம், ஏறத்தாழ இரண்டே மாதம். அவர் மறைவுக்குப் பின் 1887இல் அது வெளிவந்தபோது, மதம் பற்றிய சில பகுதிகளை எம்மாவின் விருப்பப்படி நீக்கினார்கள். 1958இல் அவற்றையெல்லாம் சேர்த்து முழு நூலாகப் பதிப்பித்தவர் நோரா பார்லோ. அவர் டார்வினின் பேத்தி, தாத்தா இறந்த பிறகு பிறந்தவர்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பாட்டிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை பிற்பகல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார், உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது, எந்தப் பிள்ளையை இழந்து எப்படி எழுந்தீர்கள் என்று எழுதத் தொடங்குங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.