பந்தயத் திடலில் ஒரு நாள்



பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலையை முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! நான் பேச வந்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றும் ஒரு பாடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் இந்தப் பாடத்தைப் படித்தவர் மாணவர் அல்லர், ஆசிரியர். படித்த இடமும் பள்ளிக்கூடம் அன்று. குதிரைப் பந்தயத் திடல். அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர். நான்தான்.

இது 2004ஆம் ஆண்டில் நடந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துத் தோட்டப் பள்ளியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறாம் ஆண்டு வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள்; அப்போதோ அதுதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசற்படி. தேர்வுக்கான பயிற்சி நூல் வாங்க 31 பிள்ளைகளிடம் ஆளுக்கு 6 வெள்ளி வசூலித்தேன். மொத்தம் 186 வெள்ளி. அதில் ஒரு சிறுமி கொண்டுவந்தது நோட்டு அல்ல. ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் முப்பது இருபது காசு நாணயங்கள். அவளுடைய தாயார் வேலி ஓரத்தில் கீரை போட்டு, லயத்து வீடுகளில் விற்றுச் சேர்த்த காசு. பையின் மேல் ஒரு துண்டுத் தாளில் அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் புத்தகக் கடைக்குப் போகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன். சட்டைப் பையில் என் சொந்தப் பணம் 80 வெள்ளி. தோள்பையில், ஓர் உறைக்குள் பிள்ளைகளின் பணம். பஸ் நிலையத்தில் எங்கள் தோட்டத்து லாரி ஓட்டும் அண்ணன் ஒருவரைச் சந்தித்தேன். "வாத்தியாரே, புத்தகக் கடை எங்கே ஓடிடப் போவுது? ஒரே ஒரு ரேசு பார்த்துட்டுப் போலாம், வாங்க" என்றார். நானும் அதுவரை குதிரைப் பந்தயத்தைப் பார்த்ததில்லை. பார்ப்பதில் என்ன தவறு என்று நினைத்தேன். போனேன்.

நேயர்களே, அந்தத் திடல் அழகான இடம்தான். அதை மறுப்பதற்கில்லை. பச்சைப் புல்வெளி, மின்னுகின்ற குதிரைகள், பல வண்ணச் சட்டை போட்ட சவாரிக்காரர்கள். அண்ணன் சொன்ன குதிரைமேல் 10 வெள்ளி கட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குதிரை முதலாவதாக வந்தது. 46 வெள்ளி கொடுத்தார்கள். போட்ட பணம் போக 36 வெள்ளி லாபம். என் அம்மா விடியற்காலையில் எழுந்து, கொசுக்கடியில் இரண்டு நாள் மரம் வெட்டினால் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். எனக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கையில் 116 வெள்ளி. "வாத்தியாருக்கு ராசியான கை" என்றார் அண்ணன். அந்தச் சொல் காதில் தேனாகப் பாய்ந்தது.

இரண்டாவது பந்தயத்தில் 30 வெள்ளி போயிற்று. மூன்றாவதில் இன்னொரு 30. நான்காவதில், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று 50 வெள்ளியைக் கட்டினேன். என் குதிரை ஒரு தலை நீளத்தில் இரண்டாவதாக வந்தது. தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயித்திருப்போம், கொஞ்சத்தில் தவறிவிட்டது என்றுதான் தோன்றியது. மனத்தின் இந்தச் சூழ்ச்சியைக் கவனியுங்கள். கடைசியாக வந்திருந்தால்கூட நான் எழுந்து போயிருப்பேன். நெருங்கி வந்த தோல்விதான் என்னை உட்கார வைத்தது.

சொந்தப் பணத்தில் மிஞ்சியது 6 வெள்ளி. அப்போது என் கை தோள்பைக்குள் போனது. திருடுகிறோம் என்று நான் நினைக்கவில்லை. 'கைமாற்றாக எடுக்கிறேன், அரை மணி நேரத்தில் வைத்துவிடுவேன்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது பந்தயத்தில் பிள்ளைகளின் பணம் 60 வெள்ளி போயிற்று. அதாவது பத்துப் பிள்ளைகளின் புத்தகம்.

ஆறாவது பந்தயத்துக்கு, உறையில் மிச்சமிருந்த 126 வெள்ளியையும் ஒரே குதிரைமேல் கட்டுவது என்று முடிவு செய்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. உறையைக் கவிழ்த்தேன். நோட்டுகளோடு அந்த நாணயப் பையும் முகப்பு மேசையில் விழுந்தது. உள்ளே இருந்தவர் அதைத் தூக்கிப் பார்த்து, "இதை எண்ணிக் கொடுங்க, சீக்கிரம்" என்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். எண்ணுவதற்குப் பையைத் திருப்பினேன். அதில் அந்தப் பிள்ளையின் பெயர். நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தது போலவே, அதே குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். எனக்குக் கை ஓடவில்லை. நோட்டுகளையும் பையையும் வாரிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது ஜெயித்தது, நேயர்களே. 10 வெள்ளிக்கு 60 வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நான் கட்டியிருந்தால் 700 வெள்ளிக்கு மேல் கையில் இருந்திருக்கும். அன்று அந்த வேதனையைத் தாங்க முடியவில்லை. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அண்ணனும் எல்லாவற்றையும் விட்டிருந்தார், பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை. என்னிடம் இருந்த 6 வெள்ளியில் இருவரும் தோட்டத்துக்குத் திரும்பினோம். மிச்சப் பணத்துக்கு 21 நூல்கள் வாங்கியிருக்கலாம். ஆனால் எந்தப் பத்துப் பிள்ளைகளை விட்டுவிடுவது? வாங்காமலே திரும்பினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தம் பையிலிருந்து 60 வெள்ளியை எடுத்துக் கொடுத்து, "சம்பளத்தில் கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்தக் காசைக் கொடுத்தவர்களிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்" என்றார். அன்று மாலை முதலில் அந்தச் சிறுமியின் வீட்டுக்குத்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தாய் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சார், எங்க வீட்டுக்காரரும் மொதத் தடவ தோத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லி அழுதாரு. ரெண்டாந் தடவ ஜெயிச்சுட்டு வந்தாரு. அன்னைக்குத்தான் சார் எங்க குடும்பம் கெட்டுப் போச்சு."

நான் பயிற்சிக் கல்லூரியில் படிக்காத பாடம் இதுதான். தோல்வி மனிதனை வீட்டுக்கு அனுப்பிவிடும். வெற்றிதான் அவனை மறுபடியும் அழைக்கும். திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது 94ஆவது அதிகாரம். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். நான் வாங்கிய 46 வெள்ளி அந்தத் தூண்டில். அந்த 700 வெள்ளியும் கிடைத்திருந்தால், அடுத்த சனிக்கிழமையும் நான் திடலில்தான் இருந்திருப்பேன். உறையில் யாருடைய பணம் இருந்திருக்குமோ!

சரி, பந்தயக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். திடலில் பணம் கட்டும் முறைக்கு டோட்டலைசேட்டர் என்று பெயர், சுருக்கமாக டோட். 1913ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜார்ஜ் ஜூலியஸ் என்பவர் இதற்கென்று தானாகக் கூட்டும் பெரிய இயந்திரத்தை அமைத்தார். அது யாருக்கும் ராசியைத் தருவதில்லை. எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகக் கூட்டும். நடத்துபவர்களின் பங்கும் வரியும் முதலில் கழியும். மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கப்படும்.

ஒரு கணக்குப் போடுவோம், பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 10 வெள்ளி போடுகிறார்கள். மொத்தம் 100 வெள்ளி. எடுத்துக்காட்டுக்கு, நூற்றுக்கு 20 கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80. அந்த 80 வெள்ளியையும் அடுத்த பந்தயத்தில் கட்டினால் 64. மூன்றாவது பந்தயத்தில் 51 வெள்ளி 20 காசு. நான்காவது பந்தயம் முடிந்தால் 41 வெள்ளிகூட இல்லை. எந்தக் குதிரை ஜெயித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்துப் பேரில் ஒருவர் சிரித்துக்கொண்டு போகலாம். பத்துப் பேரும் சேர்ந்து பார்த்தால் இழப்புதான். அந்தச் சிரிப்பவரும் மறுவாரம் திரும்பி வந்துவிடுவார். குதிரையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் ஓட வேண்டியது மற்ற ஆட்டக்காரர்களோடு மட்டுமல்ல, முதலில் கழித்துக்கொள்ளும் அந்தப் பங்கோடும்தான்.

திடலுக்குப் போகாமல், தோட்டத்துக்கே வந்து பணம் வாங்கும் ஆட்களும் உண்டு. அவர்களைப் புக்கி என்கிறோம். அப்படிப் பந்தயப் பணம் வாங்குவது 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, புக்கி கடனுக்கும் எழுதிக்கொள்வார் என்பதுதான். கையில் காசு தீர்ந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். கடன் கிடைத்தால் ஆட்டம் நிற்காது. அந்தக் கடனை அடைக்க வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போனால், அதற்குப் பிறகு ஓடுவது குதிரை அல்ல, நாம்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் பந்தயத் திடல். சிங்கப்பூரில் 1843ஆம் ஆண்டில் தொடங்கிய குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு முடிந்துவிட்டது. திடல்கள் மூடலாம். ஆனால் 'விட்டதைப் பிடிப்போம்' என்ற எண்ணம் மூடவில்லை. முன்பு அதற்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது முன்பு புத்தி வர வழி இருந்தது.

ஆகவே, எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன். சம்பள நாளில் வீட்டுச் செலவுக்கான பணம் முதலில் வீட்டுக்கு வரட்டும், மற்றவை பிறகு. பிள்ளைகளின் பணம், கோயில் பணம், சங்கப் பணம் ஆகியவற்றைச் சொந்தப் பணத்தோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். மாதம் 40 வெள்ளி பந்தயத்துக்குப் போனால் ஆண்டுக்கு 480 வெள்ளி. அதையே தேசிய சேமிப்பு வங்கியில் பிள்ளையின் பெயரில் போட்டுவந்தால், அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது உதவும். பந்தயப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஜெயித்ததை மட்டுமல்ல, தோற்றதையும் எழுதிவாருங்கள். மூன்று மாதம் போதும். அந்த நோட்டே உங்களுக்கு வாத்தியார். சீட்டு வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் ஒருவர் தோற்றுவிட்டு வந்து உண்மையைச் சொன்னால், அவரை ஊர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். ஆனால் ஜெயித்துவிட்டு வந்தால் பாயசம் வைக்காதீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை 31 நூல்களையும் வாங்கி வந்தேன். அதற்கு முந்தின ஐந்து நாளும் அந்தச் சிறுமி காலையில் வந்து, "சார், புத்தகம் வந்துடுச்சா சார்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத் தலை குனிந்து நின்ற ஐந்து நாள்கள்தாம் நான் கட்டிய உண்மையான அபராதம். அந்த நாணயங்களை நான் கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. என் சம்பளத்தில் 6 வெள்ளி போட்டு நூலை வாங்கிவிட்டு, அந்தப் பையை அந்தத் தாயிடமே திருப்பிக் கொடுத்தேன். பெயர் எழுதிய துண்டுத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.