சாவக நெறியில் ஒரு மிதிவண்டிப் பயணம்

 

காலநிலை மாற்றத்தை மக்களுக்கு உணர்த்தவும் அதற்கான அறப்பணிகளுக்கு நிதி திரட்டவும் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் இன்று பல நாடுகளில் உள்ளது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'கிளைமேட் ரைடு' இதற்கு நன்கறியப்பட்ட சான்று. அதன் முதற்பயணம் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை ஐந்து நாட்களில் ஏறத்தாழ 300 மைல் சென்றது. பங்கேற்போர் தத்தம் உற்றார், நண்பர்களிடம் கொடை திரட்டுகின்றனர்; அது சுற்றுச்சூழல் பணிகளுக்குச் செல்கிறது.

இத்தகைய பயணத்தை நம் திருத்தலங்களின் வழியே நடத்தலாம் என்று ஓர் இளைஞர் வீட்டில் சொன்னால், பெரியவர் ஒருவர், "ஊர் சுற்றுவதில் என்னப்பா அறம் இருக்கிறது?" என்று கேட்கக்கூடும். அக்கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாகாது. அதற்குச் சாவக ஒழுக்க நூலிலேயே வேர் இருக்கிறது.

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய ரத்னகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு 'அனர்த்த தண்ட விரதம்' என்னும் குண விரதத்தை விதிக்கின்றன. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்கை விலக்குவதே அது. அத்தீங்குகளுள் ஒன்று 'பிரமாத சரியை', அதாவது கவனமற்ற நடத்தை. வீணாக மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், நெருப்பை மூட்டுதல், காற்றைக் கிளப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிவதும் பிறரைத் திரியச் செய்வதும் அங்கே சேர்த்தே சொல்லப்படுகின்றன. மண், நீர், நெருப்பு, காற்று, தாவரம் என்னும் ஐவகை ஓரறிவுயிர்களைக் காக்கப் புறப்படும் பயணமே பயனற்ற திரிதலாக முடிந்தால், அதுவும் அதே குற்றப் பட்டியலில் இடம்பெறும்.

அந்த ஐவகை உயிர்களுக்கு இன்று நேர்வது யாவரும் அறிந்ததே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு 280 பங்கு அளவில் இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பு மிகுகிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான ஒரு நாளில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சமணக் குடும்பங்களுக்கு அம்மழையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புயலுக்கு ஒரே காரணத்தைக் காட்ட இயலாது. ஆயினும் வெப்பம் மிகுந்த காற்றும் கடலும் இத்தகைய மழையின் வலிமையைக் கூட்டுகின்றன என்பது அறிவியல் காட்டும் உண்மை.

ஆகவே நோக்கம் நல்லதே. ஆனால் நல்ல நோக்கம் ஒன்றே பயணத்தைப் பயனுடையதாக்கிவிடாது. ஐம்பது பேர் மிதிவண்டியில் செல்ல, அவர்களின் பின்னே பத்து கார்கள் தொடர்ந்து, ஊர்தோறும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகள் குவிந்து, ஃபிளெக்ஸ் பதாகைகள் எழுந்தால், காற்றுக்கு மிஞ்சுவது கூடுதல் புகையே. பயணத்தின் பயன் புறப்படும் நாளில் தொடங்குவதன்று. அதற்கு முந்தைய மூன்று மாத ஆயத்தத்திலேயே அது விளைகிறது.

முதல் ஆயத்தம் எல்லை வகுத்தல். திக்விரதம் ஏற்கும் சாவகர் திசைகளுக்கு எல்லை கட்டிக்கொள்வது போல், பயணம் செல்வோர் தம் நுகர்வுக்கு எல்லை கட்ட வேண்டும். மருத்துவ உதவிக்கென ஒரு வாகனம் போதும். பயிற்சி தொடங்கும் நாள் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட வேலைகளுக்கெல்லாம் மிதிவண்டியே என உறுதி ஏற்கலாம். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பணியிடத்திற்கு, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வாகனத்தில் ஆண்டுக்கு 250 நாள் சென்று திரும்புபவர் 50 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறார். அதை விட்டால் ஏறத்தாழ 115 கிலோ கரியமில வாயு குறைகிறது. இதுவே பயிற்சி, இதுவே விரதம்.

இரண்டாவது, உடலைப் பழக்குதல். செஞ்சி அருகே திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. அப்பெருந்துறவியின் நோன்பை உலகியல் செயலோடு ஒப்பிடுவது முறையன்று. எனினும் அந்நோன்பைப் பற்றி நூல்கள் கூறும் ஒரு நெறி இல்லறத்தாருக்கும் உதவும். திட உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நீர்ம உணவுக்கு வந்து, பின்னர் வெந்நீருக்கு வந்து, அதன் பிறகே முழு நோன்பு. எதுவும் திடீரென மேற்கொள்ளப்படுவதில்லை.

நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் செல்ல விரும்பும் புதியவர், வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து கிலோமீட்டரில் தொடங்கலாம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவே கூட்டிச் செல்ல வேண்டும். ஞாயிறு தோறும் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். இறுதி மாதத்தில் அடுத்தடுத்து இரு நாள் ஓட்டிப் பழக வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் உடலைக் களைப்பாற விடவேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, வண்டி. மிதிகட்டை கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைத்தால் மூட்டுவலி தவிரும். பிரேக், சங்கிலி, டயர்க் காற்று மூன்றையும் நாள்தோறும் காலையில் பார்க்க வேண்டும். தலைக்கவசம், பின்புறச் சிவப்பு விளக்கு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு ஆகியவை கட்டாயம். இருக்கை, கையுறை, காலணி ஆகியவை தோலால் ஆனவையா என வாங்கும் முன்பே கேட்டறிவது சமணரின் கடமை.

நான்காவது, காலம். துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவது, அக்காலத்தில் வழியெங்கும் சிற்றுயிர்கள் பெருகியிருப்பதால். மரவட்டையும் நத்தையும் சாலையைக் கடக்கும் அம்மாதங்கள் இப்பயணத்திற்கு ஆகா. சித்திரை வெயில் உடலுக்கு ஊறு. தையும் மாசியும் ஏற்றவை. நான்கு முழம் முன்னே பார்த்து நடப்பது துறவியரின் ஈர்யா சமிதி. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நான்கு முழம் அரை நொடிக்குள் கடந்துபோகும். துறவியரின் தூய்மையை மிதிவண்டியில் செல்வோர் உரிமை கொண்டாட முடியாது. வேகத்தைக் குறைத்து, வெகுதொலைவு பார்த்து, நன்கு வெளிச்சம் வந்த பின்னரே புறப்படுவது அவர்களால் இயலும்.

ஐந்தாவது, உணவும் நீரும். இரவுணவை விலக்குவோர் கதிரவன் மறையும் முன் உண்டாக வேண்டும். இருட்டிய பிறகு ஊர் சேர்ந்தால், உழைத்த உடல் பட்டினி கிடக்கும். எனவே நாளின் தொலைவை முடிவு செய்ய வேண்டியது கதிரவனே, இளைஞரின் ஊக்கமன்று. வெயிலில் ஓட்டுவோருக்கு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை நீர் தேவைப்படலாம். துணியால் வடித்த நீர் 48 நிமிடமே முறைப்படி ஏற்புடையது. நன்கு காய்ச்சிய நீர் ஒரு நாள் வரை ஏற்புடையது. ஆதலால் தங்கும் இல்லங்களில் காய்ச்சி ஆறவைத்த நீரை எஃகுக் குப்பிகளில் எடுத்துச் செல்வது மரபுக்கும் ஒக்கும், பிளாஸ்டிக்கையும் தவிர்க்கும். கடைகளில் விற்கும் சில ஆற்றல் உணவுகளில் தேனோ, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ இருக்கும். வாழைப்பழம், கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவையே போதுமானவை.

ஆறாவது, தானம். திருநாதர் குன்று, மேல்சித்தாமூர், பொன்னூர் மலை, போளூர் அருகே திருமலை, ஆரணி, ஜினகாஞ்சி எனச் செல்லும் வழியில் உண்ணும் செலவைச் செல்வோரே ஏற்க வேண்டும். திரட்டும் கொடை முழுவதும் அறப்பணிக்கே சேர வேண்டும். ஏரியின் வரத்துக் கால்வாயைச் சீர்செய்தல், ஜினாலய நந்தவனத்தில் நிழல் மரங்களை நட்டு மூன்றாண்டு நீரூற்றிக் காத்தல் போன்ற பணிகள் பல உயிர்களுக்கு அபயதானமாகும். வரவும் செலவும் அடுத்த விழாவில் எல்லோர் முன்னும் படிக்கப்பட வேண்டும். கணக்கு மறைந்தால் தானம் மாசுபடும்.

வழியில் உள்ள ஊர்களில் மேடையிட்டு முழங்குவதைவிட, வயலில் வேலை செய்வோரிடம் ஏரி எப்போது நிரம்பியது, கிணற்று நீர் எவ்வளவு இறங்கியது என்று கேட்டறிவது மேல். தானே கடைப்பிடிக்காத நெறியைப் பிறருக்கு உரைப்பது எவருக்கும் பயன் தராது.

இவ்வாறு ஆயத்தமாகும் இளைஞர்கள் பெரியவர்களின் கேள்விக்கு வாயால் விடைகூற வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வாகனம் அசையாமல் நிற்பதே விடை. பயணம் நிறைவுற்ற பின் எத்தனை கிலோமீட்டர் சென்றார்கள் என்று கேட்பது எளிது. அடுத்த ஆண்டும் எதை விட்டிருக்கிறார்கள் என்பதே கேட்கத்தக்கது. அதற்கு நேர்மையாக விடை கூற இயன்றால், அப்பயணம் வீண்திரிதல் அன்று, சாவக நோன்பே.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!