அடையாற்று ஆலமரம்

(நுகேகொடையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கற்கோயிலைக் காப்பது வேறு. உயிருள்ள மரமே நினைவுச் சின்னமாக நிற்கும்போது அதனைக் காப்பது வேறு. கல் இருந்தபடியே இருக்கவேண்டும் என விரும்புகிறோம். மரமோ மாறிக்கொண்டிருந்தாற்றான் மரம்.

சென்னை அடையாற்றிலே பிரம்மஞான சபையின் தோட்டத்தில் ஓர் ஆலமரம் உண்டு. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னாற் சிலையாக நிற்கிறாரே ஒல்கொட், அவரும் சேர்ந்து நிறுவிய சபைதான் அது. 1882இல் அச்சபை அடையாற்றில் இடம் வாங்கியது. அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அம்மர நிழலிலே பேசியிருக்கிறார்கள். அதன் வயது 450 ஆண்டு என்பர்.

1989இல் வீசிய புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆயினும் ஆலமரம் அழியவில்லை. முன்னரே மண்ணில் ஊன்றியிருந்த விழுதுகள் கிளைகளைத் தாங்கி நின்றன, இன்றும் தாங்குகின்றன.

கல்கத்தாவுக்கு அருகே ஹௌராத் தாவரத் தோட்டத்திலும் இதுவே நடந்தது. 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களாற் காயம்பட்ட பேராலின் அடிமரத்திற் காளான் நோய் பற்றியது. 1925இல் அதனை வெட்டி அகற்றினர். நடுமரமே இல்லாமல், 3,000க்கு மேற்பட்ட விழுதுகளோடு ஒரு தோப்பைப்போல அது பரந்து நிற்கிறது. அங்குள்ள தோட்டக்காரர் இளம் விழுதுகளை மூங்கிற் குழாய் வழியாக நிலத்துக்கு இறக்குகின்றனர். புயல் வந்தபின் செய்யக்கூடிய வேலையல்ல இது. விழுது மண்ணைத் தொட்டுத் தூணாகத் தடிக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

கறையான் தின்ற ஆலை அதன் விழுது தாங்குமாப்போலத் தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்று நாலடியார் கூறும். பெரியோர் அதை நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்! விழுதுக்கு மண் வேண்டும் என்று புலவர் தனியே சொல்லவில்லை. அக்காலத்திற் சீமெந்து இல்லை.

இன்று நாம் என்ன செய்கிறோம்? தலவிருட்சத்துக்கு மேடை கட்டுகிறோம். அடிமரத்தை ஒட்டிச் சீமெந்து பூசி, மேலே பளிங்கும் பதிக்கிறோம். மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. ஆலாயின், தொங்கும் விழுது தலையில் முட்டுகிறதென்று நறுக்கிவிடுகிறோம். பக்தியோடுதான் செய்கிறோம், மரத்துக்கு அது தெரியுமா?

கொழும்பிலே கோயில் வீதிகள் ஒடுங்கியவை என்பதை அறிவேன். எனினும் மரத்தைச் சுற்றி ஐந்தாறு அடி வெறும் மண்ணாக விடுவது இயலாத காரியமன்று. அடுத்த திருப்பணிக் கூட்டத்தில் இளைஞர்கள் எழுந்து இதனைக் கேட்கவேண்டும். பெரியோர்கள் அவர்களை உட்காரச் சொல்லாமல், மேசன் வேலை தொடங்கு முன்பே அந்த அளவைக் கயிறு பிடித்துக் குறித்துக் கொடுக்கவேண்டும்.