டிக்கெட் ஏன் மலிவுன்னு கேட்டிருக்கணும்

இன்னைக்கு நான் சொதப்பின கதை. ஒரு வருஷம் காசு சேர்த்து, அம்மாவோட முதல் வெளிநாட்டுப் பயணமா ஜப்பானோட இஷிகாகி தீவுக்குக் கூட்டிட்டுப் போனேன். மே கடைசி, டிக்கெட் ரொம்ப மலிவு. ஏன்னு யோசிக்கல.

ஒகினாவா பக்கம் மே நடுவுல தொடங்கி ஜூன் கடைசி வரைக்கும் மழைக்காலமாம்! அஞ்சு நாள்ல நாலு நாள் ரூமுக்குள்ளதான்.

வெயில் வந்த அன்னைக்கு கபிரா விரிகுடாவுக்கு ஓடினோம். போட்டோல பார்த்த அதே பச்சை நீலத் தண்ணி. ஆனா அங்க நீந்தக் கூடாது. நீரோட்டம் வேகம், படகுப் போக்குவரத்து வேற. கண்ணாடித் தளம் போட்ட படகுல ஏறி, பவளப்பாறையைக் குனிஞ்சு பார்த்துட்டு வந்தோம்.

"மன்னிச்சிடும்மா"ன்னேன். "விடுடா, அஞ்சு நாள் போனை நோண்டாம என்கூடப் பேசிட்டு இருந்தியே"ன்னாங்க.

நீங்க போனா, முதல்ல மழைக்காலம் எப்பன்னு பாருங்க. அப்புறம் டிக்கெட் போடுங்க.