புகைக்கு எந்த மரம்?

பார்பெக்யூ என்று பேச்செடுத்தாலே எந்த மரத்து விறகு உசத்தி என்ற கேள்வி முந்திக்கொண்டு வருகிறது. ஓக்கா, ஹிக்கரியா, மெஸ்கீட்டா என்று விசாரித்து, கடல் கடந்து வரும் சில்லுப் பைகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நம் நகரங்களிலும் உண்டு. மரத்தின் பெயருக்கு இவ்வளவு மரியாதை வேண்டியதில்லை. விறகு எந்த அளவு காய்ந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற இரண்டும்தான் கறியின் ருசியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி.

அமெரிக்காவையே சாட்சிக்குக் கூப்பிடலாம். டெக்சஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், லாக்ஹார்ட் போன்ற ஊர்களில், மாட்டின் நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் புகையில் வேகவைப்பது போஸ்ட் ஓக் விறகில். அதே மாநிலத்தின் வறண்ட தெற்கிலும் மேற்கிலும் மெஸ்கீட். வட கரோலினாவில் பன்றிக்கறிக்கு ஹிக்கரியும் ஓக்கும். கலிஃபோர்னியாவின் சாந்தா மரியாவில் அந்தக் கடற்கரையோரத்து ஓக். ஒவ்வொரு ஊரும் பக்கத்துக் காட்டில் தாராளமாகக் கிடைத்ததைத்தான் எரித்தது. மரபு என்ற பெருமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வேதியியலும் இதற்கு ஒத்துப்போகிறது. மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் சிதையும்போது உண்டாகும் குவையகால், சிரிங்கால் போன்ற பொருள்களே புகை மணத்தின் முக்கியமான ஆதாரம். அகன்ற இலையுள்ள மரங்கள் எல்லாமே இந்த இரண்டையும் தருகின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் சிரிங்கால் இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு அவற்றின் பிசின் கரும்புகை கக்கி, கறியில் கசப்பை ஏற்றும். ஆகவே பெரிய கோடு இந்த இரு வகைகளுக்கு நடுவேதான் விழுகிறது. ஓக்குக்கும் ஹிக்கரிக்கும் இடையில் இருப்பது ஏற்றத்தாழ்வு மட்டும்.

ஈரம் அப்படிப்பட்டதல்ல. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூட நீர் இருக்கும். அதை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு செலவாகிவிடுவதால் தீ மந்தமாகி, அரைகுறையாக எரிந்து, அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பும். எந்த உயர்ந்த மரமானாலும் அந்தப் புகையில் வெந்த கறி கசக்கும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விட்டுவைத்தால் ஈரம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கும். கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருப்பதும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்பதும் காய்ந்ததற்கு அடையாளம். சரியாக எரியும் நெருப்பில் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக எழும். சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேல்தோல்தான் நனையும், முதலில் வருவது நீராவிதான். இந்தச் சடங்கை விட்டுவிடலாம்.

மெஸ்கீட்டின் காட்டமும் ஓக்கின் மென்மையும் நாக்குக்கே தெரிகிறதே என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் காட்டமான கட்டையைத் தணலாகும்வரை எரியவிட்டு, அதன் மேல் கறியை வாட்டினால் காட்டம் வெகுவாக அடங்கிவிடும். நமக்கு இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் சீமைக்கருவேல் அந்த மெஸ்கீட்டுக்கு நெருங்கிய சொந்தம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போடுவது பெரும்பாலும் இந்த மரத்தில்தான். வயலையும் கண்மாயையும் கெடுக்கும் மரத்துக்குச் சந்தை உண்டாக்குவது அதை வாழவைப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. வேரோடு பிடுங்காதவரை அது மறுபடி துளிர்க்கும். நாம் விறகு வாங்குவதால் அது ஒழிந்துவிடாது. ஆனால் யாரும் நட வேண்டாத, வெட்டினால் யாரும் வருந்தாத விறகு இதைப்போல் வேறு இல்லை.

அதனால் விறகுக்கடைக்குப் போனால் மரத்தின் பெயரோடு நின்றுவிடாமல், எப்போது வெட்டியது, எங்கே வெட்டியது என்றும் கேளுங்கள். வண்ணம் பூசிய பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட், தாரெண்ணெய் ஏற்றிய ரயில் கட்டை ஆகியவை எவ்வளவு காய்ந்திருந்தாலும் சமையலுக்கு ஆகாது. அரளிக் கட்டை நச்சு. அதை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள்.