சோழநாட்டுக் கடற்கரையில் ஒரு சுற்றுலா



விடுமுறை வந்துவிட்டால் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சுற்றுலாப் பேருந்துகள் கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் சோழநாட்டுக் கடற்கரையைக் கண்டு வருகிறார்கள். உடன் வரும் வழிகாட்டி கோட்டையைக் காட்டுகிறார்; கோயிலைக் காட்டுகிறார்; கப்பல்கள் நின்ற துறையைக் காட்டுகிறார். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இரண்டு மூன்று நாளில் கண்முன் ஓடி மறைகிறது. ஊர் திரும்பும்போது ஓர் எண்ணம் பலருக்குத் தோன்றுவது இயல்பு: "அந்தக் கடற்கரைக்குத்தான் எவ்வளவு செல்வம்! எத்தனை நாட்டார் தேடி வந்திருக்கிறார்கள்! நம் பக்கத்தில் கற்பாறையையும் புன்செய்க் காட்டையும் தவிர என்ன இருக்கிறது?" இந்த எண்ணம் சரிதானா என்று சிறிது ஆராய்ந்து பார்ப்போம். அதற்காக நாமும் அந்தப் பேருந்தில் மனத்தளவில் ஏறிக்கொள்வோம்.

முதலில் நாம் அமர்ந்திருக்கும் பேருந்தையே பாருங்கள். மோட்டார்த் தொழிற்சாலையிலிருந்து வருவது எஞ்சினும் சக்கரமும் பொருந்திய அடிச்சட்டம் மட்டுமே. அதன்மேல் தகடும் சன்னலும் இருக்கையும் அமைத்து வண்டியாக்குவதைப் பாடி கட்டுதல் என்பார்கள். பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதில் கரூர்ப் பட்டறைகள் பெயர் பெற்றவை. லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் பட்டறைகள் பெயர் பெற்றவை. ஆகவே கடற்கரையைக் காணப் புறப்படுமுன்னரே நம் நாட்டுத் தொழிலாளியின் கைவேலை நம்மைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறது.

நாமக்கல் மலையும், அதன் உச்சிக் கோட்டையும், அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களும் பின்னே மறைகின்றன. தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் காவிரி நமக்கு வலப்புறத்தில் வருகிறது. வாழைத் தோட்டங்களுக்கு இடையே அதைக் கண்டும் காணாமலும் செல்லுகிறோம். இந்த ஆற்றை மறந்துவிடாதீர்கள். வழிகாட்டி சொல்லாமல் விடும் செய்திகளை இதுவே நமக்குச் சொல்லப் போகிறது.

திருச்சிக்குக் கிழக்கே கல்லணை. கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகப் போற்றப்படும் இந்த அணையைத் தாண்டியதும் நிலத்தின் நிறமே மாறுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல். வயலை ஒட்டி வாய்க்கால். "இதுவே தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம்" என்கிறார் வழிகாட்டி. உண்மைதான். ஆனால் அந்த வாய்க்காலில் ஓடும் நீரை அடைத்து வைத்துத் திறந்துவிடும் கதவு எங்கே இருக்கிறது? சேலம் மாவட்டத்து மேட்டூரில் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கலாம். ஜூன் 12-ஆம் நாள் குறுவைச் சாகுபடிக்காக அதைத் திறப்பது மரபு. நீர் குறைந்த ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப் போவதும், தஞ்சை உழவர் வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்ப்பதும் உண்டு.

அந்த அணைக்காக நம் பக்கத்துச் சிற்றூர்கள் சில தண்ணீரில் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலத்தில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும், ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் நீருக்கு மேலே தலை காட்டும். தஞ்சையின் பசுமையைக் காணும் மாணவர் அந்த நந்தியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும். கீழே விளைந்த நெல்லுக்கு மேலே சிலர் தம் வீட்டையும் நிலத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

தஞ்சையைக் கடந்து நாகப்பட்டினம் சேருகிறோம். இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவனாகிய சோழ மன்னன் அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. சமயப் பொறைக்கு இது சான்று என்று வழிகாட்டி கூறுவார். அது முற்றிலும் பொருத்தமே. ஆனால் நாம் இன்னொன்றையும் கவனிப்போம். சோழன் கொடுத்தது முத்தன்று, பவளமன்று; ஓர் ஊரிலிருந்து ஆண்டுதோறும் வரும் நெல். ஏறத்தாழ 8,900 கலம் நெல் அந்த ஊரின் வருவாயாகக் கணக்கிடப்பட்டது. கடல் கடந்து வந்த கோயிலும் உழவனுடைய ஏரை நம்பியே நின்றது.

அங்கிருந்து வடக்கே கரையோரமாகச் சென்றால் தரங்கம்பாடி. சுற்றுலாவில் மாணவர்கள் மிக விரும்பிக் காணும் இடம் இது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர், டேனிசு நாட்டாருக்கு இங்கே வாணிகம் செய்ய இடம் தந்தார். அலை வந்து மோதும் கரையில் டேன்சுபர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்றார். சில ஆண்டுகளில் அச்சகமும் அமைந்தது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றில் இவ்வூருக்குச் சிறப்பான இடம் உண்டு.

இத்தனை புகழ் வாய்ந்த துறைமுகம் பின்னர் ஏன் ஓய்ந்தது? 1845-இல் டேனிசுக்காரர்கள் இதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு இரயில் பாதை போடப்பட்டது. 1868-க்குள் அது கரூர் வழியே ஈரோட்டை எட்டியது. உள்நாட்டுப் பண்டம் இரயிலேறி நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. தரங்கம்பாடியின் கடல் வற்றிவிடவில்லை, அலை ஓயவில்லை, கோட்டையும் விழவில்லை. உள்நாட்டோடு கூடிய தொடர்பு அற்றது, துறைமுகம் ஓய்ந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் பரந்து கிடந்து, அதற்குப் பண்டம் அனுப்பும் நிலத்தைப் பின்னிலம் என்று கூறலாம். துறைமுகம் கப்பலால் மட்டும் வாழ்வதில்லை; பின்னிலத்தால் வாழ்கிறது. கடல்வழி வாணிகர் இந்நாட்டில் தேடிய பண்டங்களுள் முதன்மையானது துணி. அந்தத் துணியைக் கடற்கரை மணலில் யாரும் விளைவிக்கவில்லை. ஊர் ஊராகத் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்து நெசவாளர் நெய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சேலத்திலேயே ஒரு வாணிக அதிகாரியை அமர்த்தித் துணி கொள்முதல் செய்ததும் இதனால்தான்.

தரங்கம்பாடிக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் காவிரி கடலொடு கலக்கும் இடம் பூம்புகார். 1973-இல் அமைக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் இங்கே உள்ளது. அருகே கீழையூரில் 1960-களில் நடந்த அகழாய்வில், செங்கற் கட்டடமும் மரத்தூண்களும் கொண்ட பழைய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. இந்நகரைப் பாடும் பட்டினப்பாலை, சுங்கச் சாவடியில் பண்டங்களின்மேல் புலி முத்திரை பொறித்ததைக் கூறுகிறது. கடலில் வந்த குதிரையையும் மலையில் பிறந்த பொன்னையும் கூறும் புலவர், காவிரியின் விளைவையும் மறவாமல் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறார். அன்றே புகாரின் செல்வத்தில் ஒரு பகுதி ஆற்றின் வழியே வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரும்பாலான பேருந்துகள் பூம்புகாரிலிருந்து சீர்காழி, சிதம்பரம் சென்று திரும்பிவிடும். நான் இன்னும் ஓரிடத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள பரங்கிப்பேட்டை அது. வழிகாட்டியின் அட்டவணையில் இவ்வூர் அரிதாகவே இடம்பெறும். ஆனால் சேலத்து மாணவன் ஒருவன் இந்த மண்ணில் இறங்கி நிற்காமல் போவது பெருங்குறை.

சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை இரும்புத் தாது நிறைந்தது. அத்தாதை உருக்கி இரும்பெடுக்கும் கலை நம் ஊர்களில் பழங்காலம் முதலே வழங்கிவந்தது. அந்த இரும்பை மண் மூசையில் இட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்து, வாயை மண்ணால் பூசி, உலையில் வைத்து ஊதுவார்கள். அவ்வாறு பிறந்த எஃகை ஐரோப்பியர் "ஊட்சு" என்று அழைத்து வியந்தார்கள். அதன் இரகசியத்தை அறிய மேனாட்டு அறிஞர் பலர் முயன்றனர்.

கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இத்தொழிலைக் கண்டார். பெரிய அளவில் இரும்பு செய்யலாம் என்று கருதி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலைகளை நிறுவினார். தாது எங்கிருந்து வந்தது? சேலத்திலிருந்து வந்தது. அதைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் பேருந்து சாலை வழியே வரும் தூரத்தை அன்று கஞ்சமலைக் கல் ஆற்று வழியே கடந்தது. அங்கே உருகிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது.

முயற்சி நிலைக்கவில்லை. உலைக்கு எரிபொருள் மரக்கரி. கரிக்காகக் காடுகள் அழிந்தன; கரி கொண்டுவரும் தொலைவும் செலவும் ஏறின. இங்கிலாந்திலோ நிலக்கரியில் மலிவாக இரும்பு வார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டை உலைகள் அவிந்தன. எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் உரிமை பெற்ற ஹீத், அதன் பயனை அடையாமல், வழக்குகளில் பொருளிழந்து 1851-இல் மறைந்தார். அவர் பெயராவது நூல்களில் இருக்கிறது. கஞ்சமலையில் தாது வெட்டியவர், பரிசல் தள்ளியவர், மூசைக்கு மண் பூசிய கொல்லர் ஆகியோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மலிந்து வந்த சீமை இரும்புக்கு முன்னால் அந்தக் கொல்லரின் உலையும் நாளடைவில் குளிர்ந்துவிட்டது. சேலத்தில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்ட 1970 வரை காத்திருக்க நேர்ந்தது.

நண்பர்களே! கோட்டை கண்ணுக்குத் தெரியும், கோபுரமும் தெரியும். அவற்றுக்குப் பொருள் சேர்த்துக் கொடுத்த உழைப்புத் தெரிவதில்லை. வீட்டின் முன்வாசல் கோலத்தைக் கண்டு மகிழ்பவர், அடுக்களையில் புகையும் அடுப்பைக் காண்பதில்லை. கடற்கரை இந்நாட்டின் முன்வாசல். வந்தவர்கள் அதைக் கண்டார்கள், எழுதி வைத்தார்கள், அதனால் அது வரலாறாயிற்று. நம் சமவெளியோ நெய்தது, உருக்கியது, நீரைத் தேக்கி அனுப்பியது. எழுதுவோர் இல்லாமையால் பேச்சற்றுக் கிடக்கிறது.

இதனால் கடற்கரையின் பெருமை குறைந்துவிடவில்லை. விற்க ஒரு துறை இல்லையேல் நெய்த துணி மூலையில் மட்கும். கரையும் பின்னிலமும் ஓர் ஆற்றின் இரு முனைகள். ஒன்றின்றி மற்றொன்று இல்லை. இரண்டையும் சேர்த்துக் காண்பவனே முழு வரலாற்றையும் காண்கிறான்.

ஆகையால் அடுத்த முறை சுற்றுலா செல்லும்போது, வழிகாட்டி கூறுவதை அன்போடு கேளுங்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேசி முடித்ததும் பணிவோடு மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கே விற்ற பண்டம் எங்கே விளைந்தது? அதைச் செய்த கை யாருடையது? அது எந்த வழியாக வந்தது? விடை கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிட்டால் ஊர் திரும்பிய பின் நீங்களே தேடுங்கள். உங்கள் தெருவில் முதிய நெசவாளர் இருப்பார்; கொல்லுப் பட்டறை இருக்கும்; காவிரிக் கரையில் பரிசல் ஓட்டும் குடும்பம் இருக்கும். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒருநாள் வெளியூர் மாணவர் சுற்றுலா வருவார்கள். அவர்கள் வரும்போது அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வழிகாட்டிகள் உங்களுக்குள்ளிருந்தே தோன்ற வேண்டும்.